கடலில் விழுந்த கயிறு

அப்பாவை ஆப்பரேஷனுக்குச் சம்மதிக்க வைக்க நான் கொடுத்த லஞ்சம் ஒரு தீவு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில் அவருக்கு அடைப்பு. ஏற்கெனவே ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் கோணி, கரண்டி கைநழுவி விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. அடுத்தமுறையும் இப்படிச் சரியாகும் என்று இருந்துவிடாதீர்கள், அதற்குள் குழாயைத் திறந்து சுத்தம் செய்துவிட வேண்டும் என்று ஜோகூர் பாருவில் டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரேடியேட்டர் ஹோஸ் மாதிரி இருக்கு," என்றார். காரில் ஏறியதும், "ஹோஸ மாத்துனா வண்டி ஓடும்னு எவனும் எழுதிக் குடுக்க மாட்டான்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் லாரி ஓட்டியவர். பெக்கான் நானாஸில் அன்னாசி ஏற்றத் தொடங்கி, நாங்கள் கூலாய்க்குக் குடிவந்த பிறகு தொழிற்சாலைச் சரக்கு ஏற்றியவர். மெர்சிங்குக்கு அடிக்கடி போவார். சரக்கை இறக்கிவிட்டு ஜெட்டியோரமாக நின்று தேநீர் குடிப்பாராம். தீவுகளுக்குப் போகிற படகுகளில் வெள்ளைக்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் ஏறிப் போவதைப் பார்ப்பாராம். பிறகு லாரியைத் திருப்பிக்கொண்டு வருவாராம். இத்தனை வருஷம் இதைச் சொன்னதே இல்லை. ஆப்பரேஷன் பேச்சு வந்து, நானும் கத்தி, அம்மாவும் அழுது ஓய்ந்தபின் ஒரு நாள் சொன்னார். "ஒரு தடவ அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். அப்புறம் கழுத்தக் குடுக்குறேன். எங்க வேணா வெட்டிக்கட்டும்."

அவர் வாய் மூடுவதற்குள் நான் போனை எடுத்துவிட்டேன். பருவக்காற்று தொடங்குகிற நேரம், பாதி விடுதிகள் மூடியாயிற்று. திறந்திருந்தவற்றில் படிக்கட்டு ஏறாமல் இருக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். சுற்றுச்சூழலுக்கு உகந்த சொகுசு ரிசார்ட். இயற்கையோடு இயைந்த வாழ்வு, வெறுங்கால் சொகுசு என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "வெறுங்காலா? அது எங்களுக்குத் தோட்டத்துலயே இருந்துச்சே," என்று சிரித்தார். அவர் சிரித்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆப்பரேஷன் தேதி அடுத்த வாரம். போய்விட்டு வந்ததும் நேராக அட்மிஷன் என்று மனசுக்குள் கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

மெர்சிங் ஜெட்டியிலேயே ரிசார்ட் ஆட்கள் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். தீவுக்குள் பிளாஸ்டிக் போகக்கூடாதாம். அம்மா இட்லிப்பொடியும் வறுத்த நெத்திலியும் பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பையாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றாக உரித்து, துணிப்பைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள். ஆனால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அலமாக், வெடிகுண்டு தேடற மாதிரில தேடுறானுங்க," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அறையைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை. அத்தாப்பு ஓலைக் கூரை, மூங்கில் சுவர், கட்டிலுக்குக் கொசுவலை. ஏர்கான் இல்லை. குளிக்கிற இடத்துக்குக் கூரை இல்லை. தண்ணீர் மண் ஜாடியில். நான் வில்லா, வில்லா என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா உள்ளே நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்குப் பேரு தோட்டத்துக் கூலிங்களோட லயத்து வீடு பாப்பா. இதுலேந்து வெளிய வரத்தான் உங்கப்பா ராத்திரி பகலா லாரி ஓட்டுனாரு." அப்பா கடலைப் பார்க்கப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இந்த இடத்தில் அம்மாவின் தாலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எப்போதும் கனமான தங்கக் கொடியில்தான் போட்டிருப்பாள். பயணம் என்றதும் அவளுக்கு வழிப்பறிப் பயம் வந்துவிட்டது. கூலாயில் பட்டப்பகலில், கடைவாசலில், மோட்டாரில் வந்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். மெர்சிங்கில் எவனாவது கொடிக்காகக் கழுத்தையும் சேர்த்து இழுத்தால் என்ன செய்வது? அதனால் கொடியைக் கழற்றி வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். கயிற்றை எவனும் அறுக்க மாட்டான் என்று தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக வேறு இருந்தாள். எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை அப்பா அவளைக் கடலுக்குள் கூப்பிட்டார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, லாரிக்குப் பின்னால் நின்று வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறவர் போல, "வா, வா, வா, இன்னும் வா," என்று கையை ஆட்டினார். அம்மா சுடிதாரோடு இறங்கினாள். அலையே இல்லை, கண்ணாடித் தண்ணீர். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மிதந்துகொண்டிருந்தார்கள். அம்மா இடுப்பளவு வந்ததும் நின்றாள். கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சூரியனைப் பார்த்துக் கைகூப்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போட்டாள். எங்கள் ஆட்களுக்குக் கடல் என்றால் குளிக்கிற இடம் இல்லை. முழுக்குப் போடுகிற இடம். மூன்று முழுக்குப் போட்டால்தான் கணக்குத் தீரும். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போட்டதாகப் பிறகு சொன்னாள்.

மூன்றாவது முழுக்கில் எழுந்தவள் முகத்துத் தண்ணீரை வழித்தாள். கழுத்தை வழித்தாள். அப்படியே நின்றாள்.

அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு கையையும் கழுத்திலேயே வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து, "ஏங்க," என்றாள். அப்பாவுக்குப் புரிய அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

நான் ஓடுவதற்குள் அம்மா கரையேறி, படகுகள் பக்கம் நின்ற ரிசார்ட் ஊழியரிடம் தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டாள். "சாயா பூஞா தாலி ஜாத்தோ டாலாம் லாவுட்!" என் தாலி கடலில் விழுந்துவிட்டது என்று அவள் சொன்னாள். ஆனால் மலாயில் தாலி என்றால் கயிறு. என் கயிறு கடலில் விழுந்துவிட்டது என்றுதான் அவர் காதில் விழுந்தது.

"தாலி ஆப்பா, ஆன்ட்டி?" என்றார் அவர். என்ன கயிறு என்று கேட்கிறார். அம்மா, "தாலி காவின்! தாலி காவின்!" என்றாள். கல்யாணக் கயிறு. அவர் குழம்பிப்போய், எவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் கேட்டார். அம்மா கழுத்திலிருந்து நெஞ்சுவரை காட்டினாள். அவர் முகம் சீரியஸாகிவிட்டது. விசில் அடித்தார்.

அந்தத் தீவில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. கடலில் ஒரு முழக் கயிறு கிடந்தாலும் ஆமைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் என்று எல்லா அறையிலும் எழுதி வைத்திருந்தார்கள். கயிறு விழுந்துவிட்டது என்றதும் நாலைந்து பேர் நீச்சல் கண்ணாடியும் கால்துடுப்புமாக ஓடி வந்து தண்ணீரில் குதித்தார்கள். ஒருவர் படகை எடுத்தார். நான் வாழ்க்கையில் அப்படி ஓர் அவசர உதவியைப் பார்த்ததில்லை. அம்மா கைகூப்பி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தாலியின் அருமை இவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே என்று அவள் கண் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வெற்றிச் சிரிப்போடு வந்து, பாசி படிந்த பச்சை நைலான் கயிறு ஒன்றை அவள் காலடியில் போட்டார். "இனி டியா, ஆன்ட்டி." இதோ உங்கள் கயிறு.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இது கயிறு இல்லை, தங்கம், கல்யாணத்தில் கட்டுகிற தங்கம் என்று விளக்கினேன். அவர்களுக்கு உண்மையிலேயே பாவமாகப் போய்விட்டது. ஆனால் தங்கம் என்றதும் விஷயம் அவர்கள் கையைவிட்டு மேனேஜரிடம் போனது. அந்தப் பெண்மணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மிக மென்மையாகப் பேசினார். கரையை ஒட்டிய பகுதியில் புதிதாகப் பவளம் நட்டு வளர்க்கிறார்கள். மணலைக் கிளறினால் எல்லாம் செத்துவிடும். கண்ணால் பார்த்துத் தேடலாம், தோண்டக் கூடாது, வாரக் கூடாது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எனக்குச் சண்டை போட நன்றாக வரும். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா மட்டும் தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை. தோண்டவும் இல்லை, வாரவும் இல்லை. குனிந்து குனிந்து, கால்விரலால் மணலைத் தடவிக்கொண்டே நடந்தார். கூப்பிட்டேன். கெஞ்சினேன். தொப்பியைக் கொண்டுபோய்த் தலையில் வைத்தேன். "இங்கதான் எங்கயாவது இருக்கும், தங்கம் மிதக்காது லா," என்றார். வெயில் உச்சிக்கு வந்து, தண்ணீர் வற்றி, மறுபடியும் ஏறியது. அவர் அந்த நீரிலேயே போய்ப்போய் வந்தார். டாக்டர் வெயிலில் அலைய விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அம்மாவைப் போய் அழைக்கச் சொன்னால் அவள் அறையைவிட்டு வெளியே வர மாட்டாள். வெறும் கழுத்தோடு நாலு பேர் முன்னால் எப்படி நிற்பது? ஒருவரைத் தண்ணீரிலிருந்து எடுக்க முடியவில்லை, ஒருவரை அறையிலிருந்து எடுக்க முடியவில்லை. நடுவில் நான், ஒரு தண்ணீர்க் குவளையோடு.

சாயங்காலம் அப்பா தானாக வந்து படுத்தார். அம்மா துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆப்பரேஷன் வேணாம்," என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"வேணாம்னா வேணாம். அவர் கழுத்துல கத்தி வெக்கப்போற நேரத்துல என் கழுத்து காலியாச்சு. வேண்டிக்கிட்டு முழுகும்போதே போச்சு. இதுக்கு மேல சாமி எப்படி லா சொல்லும்? வாயத் தொறந்து சொல்லணுமா?"

நான் கத்தினேன். டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். கயிறு ஈரத்தில் வழுக்கியது, முடிச்சு நழுவியது, அவ்வளவுதான் என்றேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் கைவசம் இருந்த ஒரே அத்தாட்சியை எடுத்தேன். "நான் என் தாலியைக் கழட்டி வக்கீல் ஆபீஸ்ல உறையில போட்டுத் திருப்பிக் குடுத்தேன்மா. அந்த ஆளு நல்லாத்தான் இருக்கான். பினாங்குல ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டுக் குண்டாயிட்டான். யாரும் சாகல."

"உன்னோடது வேற," என்றாள் அம்மா. சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது, வலித்தது. அதைக் கவனிக்க அப்போது நேரமில்லை.

அப்பாவின் பக்கம் திரும்பினேன். அவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே, "உங்கம்மா சொல்லிட்டா. அப்புறம் என்னா?" என்றார். அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. கத்திக்குப் பயந்துகொண்டிருந்த மனுஷனுக்குக் கடலே வந்து சாக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. ஒருத்திக்குச் சாமி பயம், ஒருவருக்குக் கத்தி பயம். இரண்டு பயமும் கைகோத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தன.

விடிந்ததும் சமையற்கட்டுக்குப் போனேன். தாலி தொலைந்தால் ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்துப் புருஷன் கையால் கட்டிக்கொள்ளலாம் என்பது எங்கள் வழக்கம். புதுத் தாலி செய்யும்வரை அதுவே தாலி. அம்மாவே இதை யாருக்கோ சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் பயத்துக்கு அவள் மருந்துதான் கேட்கும், என்னுடையது கேட்காது. சமையற்காரர் மீன்குழம்புக்கு வைத்திருந்த பச்சை மஞ்சளிலிருந்து ஒரு விரல் ஒடித்துக் கொடுத்தார். மஞ்சள் எதற்கு என்று கேட்டார். அம்மாவுக்கு மருந்து என்றேன். நூல் கேட்டேன். ரொட்டிப் பொட்டலம் கட்டுகிற பருத்தி நூல் இருந்தது, அங்கே எல்லாமே மக்கிப் போகிற சாமான்தானே. நாலு இழையாக முறுக்கி, மஞ்சளைத் தேய்த்துக் கயிறாக்கினேன்.

அம்மா அதை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். குளித்துவிட்டு வந்து, கிழக்கே பார்த்து, பாயில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நீ கொஞ்சம் வெளிய நில்லு பாப்பா."

ஏன் என்று கேட்கவில்லை. தாலியைத் திருப்பிக் கொடுத்தவள் அந்த நேரத்தில் கண்ணெதிரே நிற்கக் கூடாது. எனக்குத் தெரிந்த கணக்குதான். எனக்கு ஒரு தங்கை இருந்து அவள் கல்யாணம் என்றாலும் இதே கணக்குதான் வந்திருக்கும். வெளியே போய் மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்த்தேன். நேற்றைய கண்ணாடி போய், கடல் சாம்பல் நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே சத்தமில்லை. லாரியில் தார்ப்பாய் கட்டிய கை அது. அன்னாசி லோடின் மேல் அப்பா கயிற்றை வீசி, இழுத்து, ஒரு முறுக்கு முறுக்கி முடிச்சுப் போடுவதற்கு ஒரு மூச்சு நேரம் போதும். சின்ன வயதில் அதைப் பார்க்கவே முற்றத்தில் நிற்பேன். ஒரு தாலி முடிச்சுக்கு இவ்வளவு நேரம் ஏன் என்று எனக்குத் தோன்றியபோது, அம்மா மெல்ல, "ஏங்க, என்னா?" என்றாள். "நூலு வழுக்குது," என்றார் அப்பா. மறுபடியும் அமைதி. "ஈரமா இருக்கு." மறுபடியும். பிறகு ஏதோ கீழே விழுந்தது. பிறகு அம்மாவின் குரல், நான் அதுவரை கேட்டிராத குரல்.

"பாப்பா. உள்ள வா."

உள்ளே போனேன். அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், கூந்தலை முன்னால் போட்டுக்கொண்டு. அப்பா அவள் பின்னால் மண்டியிட்டிருந்தார். வலது கையில் நூலின் ஒரு முனை இருந்தது. இடது கை தன் தொடை மேல் கிடந்தது. அவர் அதை ஏதோ தெரியாத சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மூட வேண்டிய இடத்தில் மூடவில்லை. மஞ்சள் பாயில் கிடந்தது.

"எடு," என்றாள் அம்மா, திரும்பாமலே. "அவரு கைய உன் கையில வெச்சுக்க. சேத்து முடி."

"நான் எப்படிம்மா…"

"முடின்னா முடி!"

அப்பாவின் விரல்களை என் விரல்களுக்குள் வைத்துக்கொண்டேன். வலது கை சூடாக இருந்தது. இடது கை நான் தூக்கியபடி வந்தது, அவ்வளவுதான். அந்தக் கையால் நூலைப் பிடிக்க வைத்து, அதன் மேல் நான் முடிந்தேன். மூன்று முடிச்சும் நான்தான் போட்டேன். தாலியைத் திருப்பிக் கொடுத்த நான் என் அம்மாவுக்குத் தாலி கட்டினேன். அம்மா மஞ்சளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. திரும்பி அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எப்பலேந்து?" என்று கேட்டாள்.

"நேத்து தண்ணியில குனிஞ்சி நிமிர்றப்ப மரத்தாப்புல இருந்துச்சு. குளிருன்னு நெனைச்சேன்."

"போலாம்," என்றாள் அம்மா என்னைப் பார்த்து. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம். கத்தி வெக்கச் சொல்லு. போட்டுக்குச் சொல்லு, ஓடு."

ஓடினேன். மணலில் செருப்பு புதைந்ததால் அதை விட்டுவிட்டு ஓடினேன். மேனேஜர் நான் சொல்வதைக் கேட்டு உடனே ரேடியோவில் பேசினார், மெர்சிங்கைக் கூப்பிட்டார், யார் யாரையோ கூப்பிட்டார். ஓம்பாக் பெசார், ஓம்பாக் பெசார் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே பதில். அலை பெரிது. எந்தப் படகையும் அனுப்ப முடியாது. காற்று தணிய வேண்டும். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று ஆஸ்பத்திரியைக் கேட்டோம். பரிசோதிக்காமல் எதையும் கொடுக்காதீர்கள், கொண்டு வாருங்கள் என்றார்கள். கொண்டு வரத்தான் வழியில்லை.

அந்த நாளை நான் எப்படிச் சொல்வது? அந்த ரிசார்ட்டில் என்ன கேட்டாலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இளநீர் வந்தது, பூ மிதக்கும் தண்ணீரில் நனைத்த துணி வந்தது, அப்பாவுக்காகச் சோறு குழைய வடித்து வந்தது. அவர்களால் முடிந்தது அவ்வளவுதான், அதை அவர்கள் மனசோடு செய்தார்கள். அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். மூடிய விரல்கள் மெதுவாகத் திறந்துகொண்டன. மறுபடியும் மூடினாள். நான் கடலைப் பார்ப்பதும் அறைக்குள் வருவதுமாக இருந்தேன். அப்பா ஒரு தடவை, "நல்ல எடம் லா. வந்ததுக்கு நட்டமில்ல," என்றார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். தீவு வேண்டும் என்றவர் அவர், தேடிப் பிடித்தவள் நான், முழுகியவள் அம்மா. மூன்று பேருமே நல்லதைத்தான் நினைத்தோம்.

மறுநாள் காற்று கொஞ்சம் இறங்கியதும் படகு தயார் என்றார்கள். அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் வைத்தார்கள். அம்மா ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் உறுமியது. படகோட்டி பின்னால் திரும்பி, ஜெட்டியில் நின்றவரைப் பார்த்து, தினமும் கத்துகிற கத்தலைக் கத்தினார்.

"லெப்பாஸ் தாலி!"

கயிற்றை அவிழ்த்துவிடு. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அம்மாவுக்கும் தெரியும். பச்சைக் கயிறு காலடியில் விழுந்தபோதே தாலிக்கு மலாயில் என்ன அர்த்தம் என்று புரிந்துகொண்டிருந்தாள். இருந்தும் அவளுடைய இரண்டு கையும் அப்பாவின் தோளை விட்டுவிட்டுக் கழுத்து மஞ்சளைப் பொத்திக்கொண்டன. "லெப்பாஸ்! லெப்பாஸ் தாலி!" என்று அவர் மறுபடியும் கத்தினார். அம்மா தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினாள். அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். ஏதோ சொன்னார். உன்னதைச் சொல்லலை புள்ள, போட்டுக் கயிறச் சொல்றான், என்று சொல்ல வந்திருக்கிறார். வாய் ஒரு பக்கமாகப் போய், வார்த்தைகள் கஞ்சியாகக் கரைந்து வந்தன. சிரிப்பும் பாதி முகத்தில்தான் இருந்தது. படகு நகர்ந்தது. மெர்சிங் வரும்வரை எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆப்பரேஷன் நடந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடது கை திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம், சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். இந்தமுறை படம் எதுவும் வரையவில்லை.

அம்மா ஜோகூர் பாருவில் ஆசாரியிடம் சொல்லிப் புதுத் தாலி செய்து வாங்கிவிட்டாள். அது சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது, இன்னும் கழுத்துக்கு வரவில்லை. தீவில் நான் கட்டிய மஞ்சள் சுருங்கிச் சுக்காகி அவள் கழுத்திலேயே தொங்குகிறது. வெள்ளிக்கிழமை காலைகளில் தலைக்குக் குளித்துவிட்டு, புதுத் தாலி கோத்த கயிற்றை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்காருகிறாள். அப்பா இடது கையை வலது கையால் தூக்கி அவள் பிடரியில் வைக்கிறார். கயிறு நழுவுகிறது. அம்மா அதைக் குனிந்து எடுத்து, தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டுகிறாள். மறுபடியும் நழுவுகிறது. என்னை அவள் வெளியே போகச் சொல்வதில்லை. உள்ளே வரச் சொல்வதுமில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று நான் சமையலறை வாசலில் நிற்கிறேன்.